அம்மாவின் இரண்டாவது ஊசியும் இரண்டு சான்றிதழ்களும்

கொரோனா தடுப்பூசிக்கு ஒரே அம்மாவுக்கு இரண்டு முதல் தவணைச் சான்றிதழ். இரண்டு ஊசியும் முறையாகப் போட்ட பிறகும் அரசின் தடுப்பூசிப் பதிவுத் தளமான கோவின் கணக்கில் அவர் இரண்டு வேறு ஆட்களாக, ஆளுக்கு ஒரு ஊசியோடு இருந்தார். அதைச் சரிசெய்ய இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. வேறு யாரும் இப்படி அலையக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

நாங்கள் கோயம்புத்தூர். அம்மாவுக்கு 64 வயது, சர்க்கரையும் உண்டு. 2021 ஏப்ரல் இரண்டாவது வாரம் தம்பி கூட்டிப் போய் முதல் ஊசி போட்டு வந்தான். கோவாக்சின். அதில் ஒரு சிரமமும் இல்லை. சில நாளில் நடிகர் விவேக் இறந்த செய்தி வந்தது. ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் அதே கோவாக்சின் போட்டுக்கொண்டவர், 17 அன்று மாரடைப்பில் போய்விட்டார். ஊசிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று டாக்டர்கள் சொன்னார்கள். எங்கள் தெருவில் அது யார் காதிலும் ஏறவில்லை. "எனக்கும் அதே ஊசிதானே கண்ணு?" என்று அம்மா ராத்திரி எழுந்து உட்கார்ந்து கேட்டார். இரண்டாவது ஊசிக்கு அவரைச் சம்மதிக்க வைக்கவே மூன்று வாரம் பிடித்தது.

சம்மதித்தபோது ஊசி இல்லை. கோவாக்சினுக்கு அப்போது இரண்டு ஊசிக்கும் இடைவெளி நான்கிலிருந்து ஆறு வாரம். எங்களுக்கு நாள் கணக்கு சரியாக மே 10-க்கு மேல் வந்தது, அன்றுதான் ஊரடங்கும் தொடங்கியது. இன்னொரு தடுப்பூசியான கோவிஷீல்டுக்கு இடைவெளியை 12 முதல் 16 வாரமாக நீட்டியதும் அந்த வாரம்தான். வாட்ஸ்அப்பில் வந்த அந்தச் செய்தியைப் பார்த்து, எல்லா ஊசிக்கும் அதே கணக்கு என்று நான் நினைத்துக்கொண்டேன். பத்து நாள் வீணாய்ப் போனது. உங்கள் ஊசி எதுவோ அதற்கான கணக்கை மட்டும் பாருங்கள்.

முதல் முறை போனபோது, விடியற்காலை ஐந்து மணிக்கே டோக்கன் தீர்ந்திருந்தது. வரிசையில் ஆளுக்குப் பதில் கல்லும் செருப்பும் பையும் இருந்தன. இரண்டாம் முறை மூன்றரை மணிக்கே போய் நின்று டோக்கன் வாங்கிவிட்டேன். எட்டு மணிக்கு ஸ்கூட்டரில் அம்மாவை அழைத்து வந்து மூன்று மணி நேரம் காத்திருந்து மேசைக்குப் போனால், அன்றைக்கு வந்தது கோவிஷீல்டு மட்டும். பதிவு செய்தவர் நிமிராமலே, "எல்லாம் ஒண்ணுதாங்க, போட்டுட்டுப் போங்க" என்றார். அம்மாவும் கையை நீட்டத் தயாராகிவிட்டார், அத்தனை அசதி.

அப்போது காப்பாற்றியது ஒரு துண்டுச் சீட்டு. முதல் ஊசி அன்று நர்ஸ் பால்பாயிண்ட் பேனாவில் தேதியும் 'கோவாக்சின்' என்றும் எழுதிக் கொடுத்தது. அம்மா அதை ரேஷன் கார்டு உறைக்குள் நான்காக மடித்து வைத்திருந்தார். மடிப்பில் மை கரைந்திருந்தாலும் பெயர் தெரிந்தது. உள்ளே ஊசி போட்டுக்கொண்டிருந்த நர்ஸ் அதைப் பார்த்ததும், "இதை மாத்திப் போடக் கூடாதுங்க. ரெண்டு வாரம் தள்ளிப் போனாலும் பரவாயில்ல, அதே ஊசிதான் போடணும்" என்று திருப்பி அனுப்பினார். அன்று வீடு திரும்பும்போது அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அந்த நர்ஸை நினைத்து இன்றும் கை கூப்பத் தோன்றுகிறது.

ஜூன் நடுவில்தான் கோவாக்சின் கிடைத்தது. கோவையோடு சேர்த்து 11 மாவட்டங்களில் இன்னும் கெடுபிடி தளரவில்லை, பஸ்ஸும் இல்லை. முந்தின இரவு எட்டு மணிக்கு, மாநகராட்சிப் பள்ளி ஒன்றில் இரண்டாம் தவணைக்கு மட்டும் என்று தகவல் வந்தது. அவசரத்தில் நான் செய்த தவறு அங்கேதான். முதல் முறை தம்பியின் போன் எண்ணும் அம்மாவின் ஆதாரும் கொடுத்திருந்தோம். இந்த முறை கையில் கிடைத்த வாக்காளர் அட்டையையும் என் எண்ணையும் கொடுத்தேன். பதிவில் இருந்தவர், முதலில் எந்த எண்ணில் பதிந்தீர்கள் என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எண்ணும் அடையாள அட்டையும் மாறினால் கோவினுக்கு அது புது ஆள். சாயங்காலம் குறுஞ்செய்தி வந்தது: முதல் தவணை செலுத்தப்பட்டது. அதற்குள் முகாமை மூடிவிட்டார்கள்.

ஊசி போட்டதும் அரை மணி நேரம் உட்கார வைத்தார்கள் அல்லவா, அந்த நேரத்தில் குறுஞ்செய்தி வருகிறதா, இரண்டாம் தவணை என்று இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். அங்கேயே சொல்லியிருந்தால் மாற்றிக் கேட்க ஆள் இருந்திருக்கும். அப்புறம் ஆள் கிடைக்கவில்லை. கொரோனா உதவி எண்ணான 1075-க்கு அழைத்தேன், ஊசி போட்ட இடத்தில் கேளுங்கள் என்றார்கள். அங்கே போனால், எல்லாம் கோவினில்தான், எங்களால் ஒன்றும் முடியாது என்றார்கள். இரண்டு பக்கமும் நான்கு தடவை போய்க் கேட்டேன்.

கடைசியில் வழி கோவினிலேயே இருந்தது. குறைகளைத் தெரிவிக்கும் 'ரெய்ஸ் அன் இஷ்யூ' என்ற இடத்தில் இரண்டு முதல் தவணைச் சான்றிதழ்களை ஒன்றாக்கக் கேட்க முடிந்தது. முதல் முறை கேட்டபோது நிராகரித்துவிட்டார்கள். வாக்காளர் அட்டையில் பெயருக்கு முன்னால் முதலெழுத்து, ஆதாரில் பின்னால். பெயரை ஆதாரில் உள்ளபடி திருத்திவிட்டு, இரண்டு பதிவு எண்களையும் கொடுத்து மறுபடி கேட்டேன். ஆகஸ்ட் கடைசியில் இறுதிச் சான்றிதழ் வந்தது. இரண்டு தேதியும் சரி, ஊசியின் பெயரும் சரி.

அம்மா அதை லேமினேட் செய்யச் சொன்னார். செய்து கொடுத்தேன். ரேஷன் கார்டு உறையில் இடம் போதாததால் அதைப் பீரோவில் வைத்தார். மை கரைந்த அந்தத் துண்டுச் சீட்டு மட்டும் உறைக்குள்ளேயே இருக்கிறது.