வயிற்றுச் செதிலில் ஒரு வெட்டு
மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில், இருளர் பழங்குடியினர் நடத்தும் பாம்புப் பண்ணையில் விஷம் எடுப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். என் மனதில் நின்றது வேறு. பிடித்து வரும் கண்ணாடி விரியனைச் சில வாரங்களே பானையில் வைத்திருக்கிறார்கள். வாரம் ஒரு முறையாக நான்கு முறை விஷம் எடுத்ததும், வயிற்றுச் செதிலில் சின்னதாக ஒரு வெட்டு வைத்துக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த அடையாளம் தெரிந்தால், அதே பாம்பை உடனே மறுபடி பிடிப்பதில்லை. என்ன அழகான ஏற்பாடு!

1970களில் பாம்புத்தோல் வியாபாரத்தைத் தடைசெய்தபோது, அதற்காகப் பாம்பு பிடித்து வாழ்ந்த இருளர்களின் பிழைப்பே போனது. பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரோடு சேர்ந்து 1978இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். இன்று நம் ஆஸ்பத்திரிகளில் போடும் பாம்புக்கடி மருந்துக்கு விஷம் பெரும்பாலும் இங்கிருந்துதான் போகிறது.

அப்புறம், 2017. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, அந்த மண்ணின் விலங்குகளைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு வேலை செய்ய நம் இருளர்கள் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் போனார்கள். தடம், எச்சம், உரித்த சட்டை ஆகியவற்றைப் பார்த்தே தேடினார்கள். இரண்டு வாரங்களுக்குள் 13 மலைப்பாம்புகள்! 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. இவர்களை ‘உதவியாளர்’ என்று எழுதுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். நிபுணர் என்றே எழுதுங்கள்.

மாமல்லபுரம் பக்கம் போனால் பிள்ளைகளை அந்தப் பண்ணைக்குக் கூட்டிப் போங்கள். அங்குள்ள இருளர்களிடம் நிறைய கேள்வி கேட்கச் சொல்லுங்கள்.