மதிலில் முட்டி நிற்கும் தெரு

மதுரைக்குள் வழி தவறினால் பயமே இல்லை. எந்தச் சந்தில் நுழைந்தாலும் ஒரு ஆவணி மூல வீதியோ மாசி வீதியோ வந்துவிடும். கோயிலைச் சுற்றிச் சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதிகள் சதுரம் சதுரமாக விரிய, நடுவில் சந்துகள் அவற்றைக் கோர்த்துக்கொண்டே போகும். 1840-களை ஒட்டி கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார். அந்த இடத்தில்தான் வெளி வீதிகள் வந்தன. ஊர் கோட்டையைத் தாண்டி வளர்ந்தும் தெருக்கள் அறுந்துபோகவில்லை.

நான் இப்போது இருப்பது நத்தம் ரோட்டுப் பக்கம். எங்கள் நகர் ஒருத்தர் வயல், பக்கத்து நகர் இன்னொருத்தர் வயல். அவரவர் பிளாட் போட்டபோது அவரவர் ரோட்டை வரப்போடு நிறுத்திவிட்டார்கள். எங்கள் தெரு ஒரு காம்பவுண்டு சுவரில் முட்டி நிற்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய தெரு, அதே நேர்க்கோட்டில், அதே 23 அடி அகலத்தில். அக்கா வீடு அங்கேதான். அவள் வீட்டுக் குக்கர் விசில் எங்கள் மாடிக்குக் கேட்கும். ஆனால் ஒரு கிண்ணம் குழம்பு கொண்டுபோக மெயின் ரோட்டுக்கு வந்து, லாரிகளுக்கு நடுவே வண்டி ஓட்டி, அவர்கள் ஆர்ச்சுக்குள் திரும்ப வேண்டும். முழங்கால் வலிக்கார அம்மா மகளைப் பார்க்க ஆட்டோ பிடிக்கிறார். பையன்கள் மட்டும் சுவரில் செங்கலைப் பெயர்த்துக் கால் வைக்க இடம் பண்ணி ஏறிக் குதிக்கிறார்கள்.

உலகில் பல இடங்களில் இதே கதைதான். பாரிங்டன்-லீ, மில்லர்ட்-பால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பலர் சேர்ந்து வரையும் இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்துத் தெருக்கள் எப்படிச் சேர்கின்றன என்று அளந்து 2020-ல் வெளியிட்டார்கள். 1975-க்குப் பிறகு விரிந்த பகுதிகளில் இணைப்பு குறைந்துகொண்டே வந்திருக்கிறது. அமெரிக்காவில் இப்படித் தெருக்கள் துண்டாகிப்போவது 1990-களின் நடுவில் உச்சத்துக்குப் போய், அப்புறம் கொஞ்சம் குறைந்தது. வீட்டை இடித்துக் கட்டலாம். தெருவின் போக்கை மாற்றுவது லேசில்லை. மாசி வீதியில் எத்தனை கட்டடம் மாறியிருக்கிறது, வீதி மாறியதா?

2017-ல் அனுமதி வாங்காத மனைகளுக்கான வரன்முறை விதிகள் வந்தபோது எங்கள் மனைகளுக்குக் காகிதம் கிடைத்தது. சுவர் அப்படியே நிற்கிறது. லே-அவுட்டுக்குக் கையெழுத்துப் போடுகிறவர்கள் பக்கத்து வயலின் வரைபடத்தையும் விரித்துப் பார்க்க வேண்டும், ரோட்டை எல்லைவரை கொண்டுபோய்த் திறந்து விடச் சொல்ல வேண்டும். மனை விற்பதற்கு முன்னால் செய்தால் ஒரு கோடு வரைகிற வேலைதான்.

இப்போது கிழக்கே இன்னொரு வயலில் கல் நடுகிறார்கள். எங்கள் தெருவுக்கு நேரே வழி விடச் சொல்லிக் கேட்டோம். ஒரு மனை போய்விடும் என்கிறார் சொந்தக்காரர். சரி, அந்த மனையின் விலையை வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுக்க முடியுமா என்று ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் பேசப்போகிறோம்.