சீட் தேர்வு: இரண்டாவது முறை, ரப்பர் இல்லாமல்

டிசைன் மேற்படிப்பில் சேர எழுதுகிற நுழைவுத் தேர்வுதான் சீட் (CEED). ரிசல்ட் வந்து நாலு நாள் ஆகிறது. முதல் நாள் யாரிடமும் சொல்லவில்லை. ஸ்கோர் கார்டைத் திறந்து திறந்து, அதில் இருப்பது என் பெயர்தானா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். போன மார்ச்சில் இதே போனில் பார்த்த நம்பர் வேறு. அதனால் இதை டாப்பர் டிப்ஸ் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு தடவை குப்புற விழுந்தவன் எழுதுவது.

கம்ப்யூட்டரில் விடை கொடுக்கிற பார்ட் ஏ பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. பழைய கேள்வித்தாள்களைப் போட்டுப் பாருங்கள், அவ்வளவுதான். கட் ஆஃப் தாண்டினால்தான் பார்ட் பி, அதாவது இரண்டு மணி நேரம் கையால் வரைகிற தாளையே திருத்துவார்கள் என்பதால் அலட்சியமும் வேண்டாம். ஆனால் கடைசி ஸ்கோரில் அதற்கு 25 சதவீதம்தான். மிச்சம் 75 பார்ட் பி. நான் விழுந்ததும் அங்கேதான்.

போன வருஷம் மனுஷ உருவம் கேட்ட கேள்வியை முதலில் எடுத்தேன். அதில்தான் எனக்குக் கை நன்றாக ஓடும். குடை பிடித்த ஒரு கை வரைந்தேன். கட்டைவிரல் சரியாக உட்காரவில்லை. அழித்தேன். மறுபடி வரைந்தால் மணிக்கட்டு தடித்துவிட்டது. அதையும் அழித்தேன். நாலாவது தடவை அந்த இடத்தில் தாள் பஞ்சு பஞ்சாக எழும்பிவிட்டது. அதற்கு மேல் பென்சில் ஓடவில்லை, இழுத்தது. நிமிர்ந்து பார்த்தால் ஐம்பத்திரண்டு நிமிஷம் போயிருக்கிறது. ஐந்து கேள்வியில் ஒன்று முடிந்திருந்தது, அதுவும் முக்கால்வாசி. கடைசியில் இரண்டு கேள்விக்கு வெள்ளைத் தாளைக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்தக் கட்டைவிரல் இன்னமும் கண்ணில் நிற்கிறது. கடைசி வரை சரியாக வரவே இல்லை.

இதில் கோச்சிங்குக்கும் பங்கு உண்டு. பெயர் வேண்டாம். அங்கே சுவரில் ஒட்டியிருந்தவை எல்லாம் மூன்று மணி நேரம், நாலு மணி நேரம் உட்கார்ந்து இழைத்த படங்கள். ஷேடிங் பளபளக்கும். தேர்வில் ஒரு கேள்விக்குச் சராசரியாக 24 நிமிஷம் என்று அந்தச் சுவரில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. கட்டிய ஃபீஸை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

வீடு தாராவி, 90 அடி ரோடு பக்கம். மாமாவுக்கு அங்கே தோல் பை தைக்கிற சின்ன பட்டறை. தோற்ற பிறகு மூன்று மாதம் கட்டிங் வேலைக்கு அங்கே உட்கார்ந்தேன். நான் படித்த இடம் என்றால் அதுதான்.

ஒரு எருமைத் தோலை விரித்தால் அதில் கொம்புக் கீறல் இருக்கும், உண்ணி கடித்த புள்ளி இருக்கும். முதல் வாரம் நான் அதையெல்லாம் ஒதுக்கி ஒதுக்கி வெட்டி, பாதித் தோலைக் கழிவில் தள்ளிவிட்டேன். மாமா கத்தவில்லை. கழிவிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பார்த்தார்.

"ஏலே, எருமை உசுரோட இருக்கையில உண்ணி கடிக்காமலா இருந்திருக்கும்? இத அடியில போடு. தையலுக்குள்ள மடக்கு. கண்ணு போற இடத்துல மட்டும் வராம பாத்துக்க."

அதே மாமா, ஒரு பையின் கைப்பிடித் தையலில் ஒரு கண்ணி தப்பியிருந்ததற்காக முழுத் தையலையும் பிரிக்க வைத்தார். லைனிங் கொஞ்சம் கோணலாக இருந்ததைப் பார்த்துவிட்டும் விட்டுவிட்டார். கேட்டதற்கு, "பாரம் எதுல தொங்குதுலே?" என்றார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து போன வருஷத் தாளை மனசில் ஓட்டிப் பார்த்தேன். பார்ட் பி-யில் பாரம் தொங்குகிற இடம் யோசனை, அளவு விகிதம், பார்க்கிறவனுக்குச் சட்டென்று புரிவது. கட்டைவிரல் நகம் லைனிங். நான் லைனிங்கைப் பிரித்துப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்புறம்தான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். ஒட்டாவா பல்கலைக்கழக உளவியலாளர் பாட்ரிக் கோட்ரோ 2019-ல் இரண்டையும் பிரித்துக் காட்டியிருக்கிறார்: உயர்ந்த தரத்தை நோக்கி உழைப்பது ஒன்று, துளிக் குறையும் இருக்கக் கூடாது என்று நிற்பது இன்னொன்று. 2022-ல் அவரும் கூட இருந்தவர்களும் மாணவர்களிடம் சோதித்துப் பார்த்ததில், முதல் ரகத்தினர்தான் புதுசான விடைகளை அதிகம் கொடுத்தார்கள். படித்தபோது எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது. இது ஒரு வருஷம் முன்னால் கண்ணில் பட்டிருக்கக் கூடாதா?

இனி நான் செய்தது.

ரப்பரைத் தூக்கிப் போட்டேன். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன். ஆறு மாதம் பேனா மட்டும். சயான் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நின்று ஆட்களை வரைந்தேன். அடுத்த லோக்கல் மூன்று நாலு நிமிஷத்தில் வந்துவிடும், வரைந்துகொண்டிருக்கும் ஆள் ஏறிப் போய்விடுவார். தலை தப்பாகப் போட்டால் தப்புத் தலையோடுதான் உடம்பைப் போட வேண்டும். முதல் மாதம் நோட்டைத் திறக்கவே அருவருப்பாக இருந்தது. மூன்றாவது மாதம் தோள் சாய்வும் கால் ஊன்றலும் தானாக வந்தன. விரல்கள் இன்னும் சுமார்தான்.

மற்றவை சுருக்கமாக:

- ஒரு கேள்விக்கு 22 நிமிஷம். கை எங்கே இருந்தாலும் நிறுத்து. மிச்சப் பத்து நிமிஷம் திரும்பிப் பார்க்க.
- பலமான கேள்வியை முதலில் எடுக்காதே. அங்கேதான் ஆசை வரும்.
- முதலில் தோன்றும் யோசனை எல்லோருக்கும் தோன்றுவது. மூன்றையாவது ஓரத்தில் கிறுக்கிவிட்டு அப்புறம் தேர்ந்தெடு.
- கலர் பெட்டி பெரிசாக வேண்டாம். நான் மூன்று நிறம்தான் கொண்டுபோனேன்.
- படத்தில் பேசாததை இரண்டு வரியில் எழுதிவிடு.

ஒரு எச்சரிக்கை. இதெல்லாம் என்னைப் போல இழைக்கிற ஆட்களுக்கு. என் நண்பன் ஒருத்தன் ஐந்தையும் எண்பது நிமிஷத்தில் முடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பவன். அவன் ரப்பர் வாங்கிக்கொள்வது நல்லது.

இதற்கு நடுவே வீட்டில் வேறு ஒரு தேர்வு நடந்தது. "படம் வரைஞ்சு என்னத்தச் சம்பாதிக்கப் போற?" என்று அத்தை கேட்டபோது பத்து ரூபாய் நோட்டை எடுத்து அந்த ரூபாய்க் குறியைக் காட்டினேன். 2010-ல் அரசு ஏற்றுக்கொண்ட அந்தக் குறியை வரைந்த உதயகுமார், தமிழர், மும்பை பவாய் ஐஐடியின் டிசைன் பள்ளியான ஐடிசி-யில் படித்தவர், தமிழ் எழுத்துருக்களைப் பற்றி அங்கேயே பிஎச்டி பண்ணியவர். அத்தை நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இடுப்பில் செருகிக்கொண்டார். திரும்பி வரவில்லை.

இன்னும் அட்மிஷனுக்கான இன்டர்வியூ இருக்கிறது. அங்கே காட்டுகிற போர்ட்ஃபோலியோவில், அதாவது என் படத் தொகுப்பில், அந்த சயான் பக்கங்களை அப்படியே, தப்புத் தலைகளோடு வைக்கப் போகிறேன். சரியா தப்பா என்று மே மாதம் தெரியும். தோற்றவர்களுக்கு: வயது வரம்பு கிடையாது, எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம்.

கடைசியாக மும்பைக்காரர்களுக்கு ஒன்று. தேர்வு ஞாயிற்றுக்கிழமை. முந்தின ராத்திரியே மெகா பிளாக் (பராமரிப்பு வேலைக்காக ரயில் பாதையை மூடுவது) எந்த லைனில் என்று பார்த்துவிடுங்கள். எனக்குத் தேர்வு சென்டர் தானே நகரத்துப் பக்கம். சயான் ஸ்டேஷனுக்குப் போனபோதுதான் தெரிந்தது, ஸ்லோ வண்டி எல்லாம் ஃபாஸ்ட் லைனில் போய்க்கொண்டிருந்தது. கொஞ்சம் முன்னாலேயே கிளம்பியிருந்ததால் தப்பித்தேன்.