டோக்கன் போனது, ஸ்டேஷனும் போனது

கிளைப் பாதையில் உள்ள ஒரு சின்ன ஸ்டேஷனின் பழைய கதையைத் தேடுகிறவர்கள் டிக்கெட் கவுண்டரைத்தான் முதலில் பார்க்கிறார்கள். டோக்கன் பெட்டி இருந்த மூலையைப் பார்க்க வேண்டும். டோக்கன் என்பது, ஒற்றைப் பாதையில் அடுத்த ஸ்டேஷன்வரை போக டிரைவர் கையில் இருக்க வேண்டிய அனுமதிச் சின்னம். பத்துப் பேர்கூட ஏறாத இடத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் உட்கார்ந்திருந்தது பெரும்பாலும் அந்தப் பெட்டிக்காகத்தான்.

ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் வண்டிகள் விலகிக்கொள்ள லூப் என்ற பக்கத் தடம் வேண்டும். லூப் இருந்தால் தடம் மாற்றும் பாயிண்ட், சிக்னல், ஆள் எல்லாம் வேண்டும். 1874 செப்டம்பர் 10 அன்று இங்கிலாந்தின் தோர்ப்பில், தந்தியில் போன தவறான அனுமதியால் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதின. எட்வர்ட் டையரின் டேப்லெட் கருவி அதன் பிறகு வந்தது. டேப்லெட் என்பது வட்டத் தகடு வடிவ டோக்கன்.

அடுத்தடுத்த இரண்டு ஸ்டேஷன்களிலும் மின்கம்பியால் இணைந்த ஒரு ஜோடிப் பெட்டிகள். மணியடித்துக் கேட்டு, எதிர்முனை சம்மதித்தால்தான் இங்கே டோக்கன் வெளியே வரும். வந்த கணமே இரண்டு பெட்டிகளும் பூட்டிக்கொள்ளும். அதை ஏதாவது ஒன்றில் திரும்பப் போடும்வரை அடுத்தது வராது.

சிக்கல்கள் இரண்டு. ஒரே திசையில் ஐந்து வண்டி போய், இரண்டே திரும்பினால் மூன்று டோக்கன் எதிர்முனையில் தங்கிவிடும். இப்படியே போனால் பெட்டி காலி. பாதை வெறிச்சோடிக் கிடந்தாலும் வண்டியை அனுப்ப முடியாது. அதிகாரம் பெற்ற சிக்னல் ஊழியர்தான் எண்ணி, பதிவு செய்து, மிகுந்ததைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

இரண்டாவது, படிக்காமல் வாங்குவது. 1921 ஜனவரி 26, வேல்ஸின் ஆபர்மியூல். வந்து நின்ற பாசஞ்சர் வண்டி கொண்டுவந்த அதே டேப்லெட், கைமாறிக் கைமாறி அதன் டிரைவரிடமே திரும்பிப் போனது. அது எந்தப் பாதைப் பகுதிக்கு உரியது என்று அதில் பொறித்திருந்த பெயரை யாரும் பார்க்கவில்லை. வண்டி கிளம்பியது; எதிரே எக்ஸ்பிரஸ். 17 பேர் இறந்தார்கள். கருவியில் பழுதே இல்லை.

சரக்கு லாரிக்குப் போனதும் லூப்பைப் பிடுங்கினார்கள். முழுக் கிளைக்கும் ஒரே வண்டி என்றால் மோத வேறு வண்டி ஏது? பெட்டியும் மாஸ்டரும் போக, மிஞ்சியது ஹால்ட், அதாவது வண்டி நின்று போகும் வெறும் நிறுத்தம்.

இப்போதும் தடம் தெரியும். தண்டவாளத்தை ஒட்டிய மண்மேடு திடீரென அகன்று, சில நூறு மீட்டர் தள்ளி மறுபடி ஒடுங்கினால், பெரும்பாலும் லூப் ஓடிய இடம் அதுதான்.