டிம்போலா வீட்டில் ஒரு மழை மதியம்

இங்கிலாந்தின் தென்கரையில் லிமிங்டனில் படகேறினால் 40 நிமிடத்தில் யார்மத், அப்புறம் ஒரு பஸ். ஐல் ஆஃப் வைட் தீவுக்கு எல்லோரும் கடல் பார்க்கப் போவார்கள், நான் ஒரு வீட்டின் பெயருக்காகப் போனேன். டிம்போலா. இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு அது நம் ஊர்ப்பக்கத்துத் திம்புள்ளதான் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த வீட்டில் வாழ்ந்த 19-ஆம் நூற்றாண்டுப் புகைப்படக்காரர் ஜூலியா மார்கரெட் கேமரன், அவர் குடும்பத்துக்கு இலங்கையில் காப்பித் தோட்டங்கள் இருந்தன, அந்தப் பெயரை இங்கே வீட்டுக்கு வைத்துவிட்டார்கள்.

1863 டிசம்பரில், 48 வயதில்தான் அவர் கைக்குக் கேமரா வந்தது, மகளும் மருமகனும் கொடுத்தது. கோழிக்கூடு ஸ்டூடியோவானது, நிலக்கரி அறை இருட்டறையானது. கோழிகளை வெளியே விட்டாயிற்று, யாரும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள் என்று நம்புவதாக அவரே எழுதியிருக்கிறார்!

வீட்டில் மாட்டியிருந்த அவர் படங்களில், வானியலாளர் ஜான் ஹெர்ஷலை 1867-இல் எடுத்த படத்தின் முன்னால்தான் அதிக நேரம் நின்றேன். சுற்றிலும் கறுப்பு, உடம்பே தெரியவில்லை, வெள்ளை முடியும் முகத்தில் ஒரு பாதியும் மட்டும் வெளிச்சத்தில் மிதக்கின்றன. தலைமுடியைக் கழுவிவரச் சொல்லி, அது சிலிர்த்து நிற்கும்போது எடுத்தாராம். அந்த மங்கல் எங்கிருந்து வருகிறது? அகலத் திறந்த லென்ஸ், அதனால் கண் தெளிவாக விழுந்தால் காது கரைந்துவிடும். ஈரக் கொலோடியன் தகட்டில், அதாவது ரசாயனம் பூசி ஈரம் காயும்முன் படமெடுக்க வேண்டிய கண்ணாடியில், வெளிச்சம் பதிய நிமிடக்கணக்கில் ஆகும், மூச்சு விட்டாலே முகம் கொஞ்சம் நகரும். இதற்கு மேல் அவர் வேண்டுமென்றே செய்ததும் உண்டு: லென்ஸைத் திருகிக்கொண்டே வந்து, கண்ணுக்கு எங்கே அழகாகப் பட்டதோ அங்கேயே நிறுத்திவிடுவார். ஃபோகஸ் பண்ணத் தெரியாதவர் என்று அன்றைய புகைப்படக்காரர்கள் கேலி செய்தார்கள். சிறகு கட்டிய குழந்தைகள் படங்கள் எனக்கும் ஒட்டவில்லை, சரி, ஆனால் முகங்களில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

ஜன்னலோரம் மூன்று நிமிடம் அசையாமல் உட்கார்ந்து பார்த்தேன், நண்பன் மணி பார்த்தான். ஒரு நிமிடத்திலேயே கண்ணில் தண்ணீர், மூக்கில் அரிப்பு.

1875-இல் கேமரன் கணவரோடு இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். அங்கே களுத்துறையிலும் தோட்டத்திலும் எடுத்தவை கொஞ்சம்தான். ஹெர்ஷலுக்குப் பெயர் இருக்கிறது, அந்தப் படங்களில் உட்கார்ந்த நம் ஆட்களில் பெரும்பாலோருக்குத் தலைப்பில்கூடப் பெயர் இல்லை. 1879-இல் இறந்தவரைப் பொகவந்தலாவை செயின்ட் மேரீஸ் தேவாலயத்தில் புதைத்தார்கள். பள்ளிக்கூட நாட்களில் அந்த வழியாக எத்தனை தடவை பஸ்ஸில் போயிருப்பேன், ஒரு நாளும் இறங்கியதில்லை.