சோலன்ட் நீரிணையில் கைப்பேசியை நம்பிப் பாய் விரித்தோம்

வாடகைக்கு எடுத்த பாய்மரப் படகில் சுக்கானுக்கு முன்னால் இருக்கும் சார்ட் பிளாட்டர் (கடல் வரைபடத்தில் படகின் இருப்பிடத்தைக் காட்டும் திரை) எரியவில்லை என்று முறையிட்டால், "உங்கள் கைப்பேசியில் ஏதாவது செயலி இருக்குமே, இப்போதெல்லாம் அனைவரும் அதைத்தான் பார்க்கிறார்கள்" என்று தோளைக் குலுக்கும் ஒரு நிறுவனத்துக்கு இனி ஒரு பவுண்டும் தருவதாக இல்லை. பெயரைச் சொல்லவில்லை. இங்கிலாந்தின் தென்கரையில் ஹாம்பிள் ஆற்றின் இரு கரைகளிலும் படகு வாடகைக்கு விடுபவர்கள் ஏராளம், அவர்களுள் இவர்களும் ஒருவர் என்பது போதும். வாடகை ரசீதில் 'வழிகாட்டும் மின்னணுக் கருவிகள் உட்பட' என்று அச்சிட்டிருந்ததைச் சுட்டிக்காட்டி, அந்தச் சிறிய அலுவலகத்தில் மூன்று மணி நேரம் வாதாடினோம். கடைசியில் கிடைத்தது ஒரு சிறு தள்ளுபடி, அதுவும் அடுத்த முறை அவர்களிடமே படகு எடுத்தால் மட்டும்.

இந்த மூன்று மணி நேரத்தின் விலை என்ன என்பது சோலன்டை அறிந்தவர்களுக்கே புரியும். ஹாம்ப்ஷயர் கரைக்கும் வைட் தீவுக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் அந்த நீரிணையில், அமாவாசை பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் கிழக்குப் பகுதியில் கடல்மட்டம் ஏறத்தாழ 4 மீட்டர் ஏறி இறங்குகிறது. அத்தனை நீரும் குறுகிய வாய் வழியாகப் பாய்வதால், மேற்குக் கோடியில் ஹர்ஸ்ட் கோட்டைக்கு அருகே நீரோட்டம் 4 நாட் (மணிக்கு 4 கடல் மைல்) வேகத்தைத் தாண்டிவிடும். எங்களுடையதைப் போன்ற படகு, நல்ல காற்றில் 5 அல்லது 6 நாட் போகும். ஓட்டம் கூட வந்தால் பறக்கலாம், எதிர்த்து வந்தால் ஒரே மிதவையை மாலை வரை பார்த்துக்கொண்டிருக்கலாம். போர்ட்ஸ்மவுத்தில் நீர் முழுவதும் ஏறுவதற்குச் சற்று முன்பு மேற்கு நோக்கித் திரும்பும் ஓட்டத்தைப் பிடித்து, ஏறத்தாழ 15 கடல் மைல் தொலைவில் வைட் தீவில் உள்ள யார்மவுத்துக்குப் போய்விடுவது எங்கள் திட்டம். அலுவலகத்தை விட்டு வெளியே வந்தபோது அந்த ஓட்டத்தில் பாதி போய்விட்டிருந்தது.

படகுக்குப் பொறுப்பு அண்ணன். உடன்பிறந்தவர் அல்லர், ரெடிங்கில் பக்கத்துத் தெருவில் குடியிருப்பவர். முறையாகப் பயிற்சி எடுத்து 'டே ஸ்கிப்பர்' சான்றிதழ் வைத்திருப்பவர். வழி பார்ப்பது என் வேலை. சார்ட் பிளாட்டர் செத்துப்போனதால், கார்மின் நிறுவனம் 2017-இல் வாங்கிய நேவியானிக்ஸ் செயலி என் கைப்பேசியிலும், காற்றையும் ஓதம் எனப்படும் கடல் ஏற்ற இறக்கத்தையும் கணக்கிட்டுப் பாதை போடும் சேவி நேவி என்ற பிரித்தானியச் செயலி அண்ணனின் கைப்பேசியிலும் ஏறின. கடல் வரைபடச் செயலிகள் பெரும்பாலும் ஆண்டுச் சந்தாவில்தான் விற்கப்படுகின்றன என்பது எனக்குப் பெரிய வயிற்றெரிச்சல். வார இறுதி ஒன்றுக்காகக் கடலில் இறங்குபவன் ஓராண்டுக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கிறது, படகு வாடகைக்கும் எரிபொருளுக்கும் படகுத்துறைக் கட்டணத்துக்கும் மேலாக. கட்டினோம், வேறு வழி இல்லை.

முதலில் ஒரு பொதுவான ஐயத்தைத் தீர்த்துவிடுகிறேன். கரையை விட்டு விலகி அலைபேசிச் சமிக்ஞை போய்விட்டால் செயலி செத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். செயற்கைக்கோள்களிலிருந்து இருப்பிடத்தைக் கணக்கிட இணையம் தேவையில்லை; வரைபடத்தை வீட்டிலேயே தரவிறக்கி வைத்திருந்தால் நடுக்கடலிலும் படகு எங்கே நிற்கிறது என்பதைச் சில மீட்டர் துல்லியத்தில் காட்டும். இந்த வகையில் சிறு கைப்பேசி, ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் பிளாட்டருக்குச் சற்றும் குறைந்ததல்ல.

ஆனால் இணையத்தை நம்பும் செயலிகள் வேறு கதை. ஹாம்பிள் ஆறு சவுத்தாம்டன் நீர்வழியில் கலக்கும் இடத்தைத் தாண்டிக் கால்ஷாட் முனைக்கு வந்தபோது, கிழக்கிலிருந்து சரக்குப் பெட்டகக் கப்பல் ஒன்று வந்துகொண்டிருந்தது. கப்பல்களின் இருப்பிடத்தைக் காட்டும் மெரைன் டிராஃபிக் செயலியில் பார்த்தால் அது இன்னும் வைட் தீவின் கௌஸ் நகருக்குக் கிழக்கே நின்றது. கண்ணால் பார்த்தால் வெஸ்ட் பிராம்பிள் மிதவையை ஒட்டித் திரும்பத் தொடங்கிவிட்டிருந்தது. அந்தச் செயலியின் மீது குற்றமில்லை. கப்பல் தன் இருப்பிடத்தைத் தானாக ஒலிபரப்பும் ஏஐஎஸ் சமிக்ஞையைக் கரையிலுள்ள நிலையம் வாங்கி, வழங்கிக்கு அனுப்பி, அது நம் கைப்பேசிக்கு வந்து சேரும் வரையிலான தாமதம் அது. அந்த இடத்தில் பெருங்கப்பல்கள் மேற்கே வருவதுபோல் வந்து, சட்டென்று வலப்புறம் திரும்பித் தார்ன் கால்வாய்க்குள் நுழையும். 150 மீட்டருக்கு மேல் நீளமுள்ள கப்பல் அந்தப் பகுதியில் வரும்போது அதற்கு முன்னால் 1000 மீட்டரும் இரு பக்கமும் நூறு நூறு மீட்டரும் சிறு படகுகளுக்குத் தடை செய்யப்பட்ட பரப்பு. சில நிமிடம் பழைய படத்தை நம்பி அந்தப் பரப்பைக் கணக்கிடுவது தற்கொலைக்குச் சமம். வானொலிக் கருவியில் 12-ஆம் அலைவரிசையைக் கேட்டுக்கொண்டிருந்தால் கப்பல் எப்போது எங்கே திரும்புகிறது என்பது துறைமுகக் கட்டுப்பாட்டாளரின் வாயாலேயே தெரிந்துவிடும், அதற்குச் சந்தாவும் கிடையாது.

அந்தத் திருப்பத்துக்கு உள்வளைவில் இருக்கும் பிராம்பிள் மணல்திட்டைப் பற்றி ஒரு சொல். பெரிய வற்றத்தின்போது அது தலைகாட்டும். ஆண்டுக்கொரு முறை இரண்டு படகுச் சங்கங்கள் அதன்மேல் கிரிக்கெட் ஆடுகின்றன. 2008 நவம்பர் 11-இல், கியூஈ2 (குயீன் எலிசபெத் 2) பயணிகள் கப்பல் சவுத்தாம்டனுக்குக் கடைசி முறையாக வந்தபோது இதே திட்டில்தான் தட்டி நின்றது. அந்தக் கப்பலில் இருந்த கருவிகள் எத்தகையவையாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால், கையகலத் திரையில் மின்னும் முக்கோணத்தைப் பார்த்துத் துணிச்சல் கொள்பவர்கள் சற்று அடங்கிவிடுவார்கள்.

மேற்கு சோலன்டுக்குள் நுழைந்ததும் தென்மேற்குக் காற்று முகத்தில் அடித்தது. காற்று ஒரு பக்கமும் ஓட்டம் மறுபக்கமுமாக மோதியதில் அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் எழுந்து, படகின் முன்பாதியைக் கழுவிக்கொண்டே இருந்தன. காற்றை எதிர்த்து நேராகப் போக முடியாது என்பதால் வடகரைக்கும் தென்கரைக்குமாக மாறி மாறிச் சாய்ந்து முன்னேற வேண்டும். நான் செயலி போட்டுக்கொடுத்த வண்ணக்கோட்டைப் பிடித்துக்கொண்டு, "கோட்டை விட்டு வெகுதூரம் வந்துவிட்டோம்" என்று அரற்றிக்கொண்டிருந்தேன். அண்ணன் திரும்பிப் பார்க்காமலேயே, "தம்பி, கோட்டை விடு, அம்பைப் பாரு" என்றார்.

ஓதச் செயலியில் நீரோட்டத்தின் திசையையும் வேகத்தையும் காட்டும் சிறு அம்புகளைச் சொன்னார். மணியை முன்னும் பின்னும் நகர்த்தினால் அவை குட்டையாகி, மறைந்து, எதிர்ப்புறம் நீளும். இந்தப் பயணத்தில் கைப்பேசி காட்டியவற்றுள் உண்மையிலேயே கொடுத்த பணத்துக்குத் தகுந்தது எது என்று கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன். நீரிணையின் நடுவே நீளமான அம்புகளும் கரையோரம் குட்டை அம்புகளும் இருப்பதைப் பார்த்து, ஓட்டம் எங்களோடு கூட வந்த நேரம் முழுவதும் நடுவிலேயே சாய்ந்து சென்றோம். பாய்க்குக் கிடைத்த வேகம் 5 நாட் என்றால் தரையைப் பொறுத்த வேகம் 7 என்று திரை காட்டியது. படகின் மூக்கு நோக்கும் திசை ஒன்று, கைப்பேசி காட்டும் திசை வேறு. அது படகு உண்மையில் நகரும் திசையை மட்டுமே அறியும், மூக்கு எங்கே நோக்குகிறது என்பதை அறியாது. இதைப் புரிந்துகொள்ளாமல் திரையைப் பார்த்துச் சுக்கானைத் திருப்புபவர்களின் படகு குடித்தவர் நடப்பதுபோல் நெளியும்.

ஹாம்ஸ்டெட் பாறைத்தட்டை நெருங்கியபோது அம்புகள் சுருங்கிப் புரண்டன. யார்மவுத் கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். அதன் பிறகு நாங்கள் வடக்கே ஒருமுறை தெற்கே ஒருமுறை எனச் சாய்ந்ததெல்லாம் திரையில் ஒரே கோட்டின்மேல் மீண்டும் மீண்டும் பதிந்தது. படகு சீறிப் பாய்ந்து, நீரைக் கிழித்து, இருந்த இடத்திலேயே இருந்தது. பாயைச் சுருட்டி எஞ்சினைக் கிளப்பினோம். அந்த டீசலுக்கான செலவையும் அலுவலகத்தில் போன மூன்று மணி நேரத்தின் கணக்கில்தான் எழுதியிருக்கிறேன்.

இதற்கிடையில் கைப்பேசி பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். உப்புநீர்த் துளிகள் விழுந்த திரை விரலை விரலாக ஏற்பதில்லை; துளி பட்ட இடத்தைத்தான் விரல் என்று நினைத்துக்கொண்டு வரைபடத்தைப் பிரான்சு வரை இழுத்துக்கொண்டு போகும். நீர்புகா உறையில் போட்டால் ஈரம் நின்றது, ஆனால் வெயிலில் உறைக்குள் சூடேறித் திரை தானாகவே மங்கியது. வெளிச்சத்தை முழுதாக வைத்தால் மின்கலம் கண்ணெதிரே கரைந்தது. மின்னேற்றும் துளை கீழே வரைபட மேசையில் இருந்தது, எங்களிடம் இருந்த கம்பியோ படிக்கட்டுக்குக் கூட எட்டவில்லை. காந்தம் வைத்த உறையோடு கைப்பேசியைச் சுக்கானுக்கு முன்னால் வைத்ததும் திசைகாட்டி முள் அலைபாய்ந்ததை அண்ணன்தான் கவனித்து, அதை எடுத்துக் கீழே போடச் சொன்னார். கடைசியில் ஒரு கைப்பேசி கீழே மின்னேறிக்கொண்டும் மற்றொன்று என் மழைச்சட்டைக்குள் உடம்போடு ஒட்டிக்கொண்டும் முறைபோட்டு வேலை செய்தன.

சிறிய திரையின் இன்னொரு அபாயம் இதைவிடப் பெரிது. வழி முழுவதையும் பார்க்க வரைபடத்தைச் சுருக்கினால், பாறைகளும் திட்டுகளும் நெரிசலைத் தவிர்க்கும்பொருட்டு மறைந்துவிடுகின்றன. விரித்தால் பாறை தெரிகிறது, பாதை தெரிவதில்லை. 2014 நவம்பர் 29-இல், உலகைச் சுற்றும் வால்வோ பந்தயத்தில் ஓடிய டீம் வெஸ்டாஸ் விண்ட் படகு, மொரிஷியசுக்கு வடகிழக்கே உள்ள கார்கடோஸ் கராஜோஸ் பவளத்திட்டில் முழு வேகத்தில் மோதியது. மின்னணு வரைபடத்தைப் போதுமான அளவு பெரிதாக்கிப் பார்க்காததே முக்கியமான காரணங்களுள் ஒன்று என்று விசாரணையில் வெளிவந்தது. ஆட்கள் பிழைத்தார்கள். உலகத் தரமான மாலுமிகளுக்கே அந்த நிலை என்றால், கை நனைந்து, கண் உப்பேறி, ஐந்தங்குலத் திரையைப் பார்க்கும் நமக்குப் பெரிய தாள் வரைபடம் ஒன்று மேசைமேல் விரிந்திருப்பது ஆடம்பரமல்ல. ஒரே பார்வையில் முழுவதையும் பார்க்கும் வசதி தாளுக்குத்தான் உண்டு.

யார்மவுத் அழகான சிற்றூர். எட்டாம் ஹென்றி மன்னன் கட்டுவித்த சிறு கோட்டை, 1876-இல் திறந்த மரத்துறை, படகுகள் ஒன்றையொன்று ஒட்டிக் கட்டப்படும் நெரிசல். படகின் நீளத்தைக் கணக்கிட்டுக் கட்டணம் வாங்குகிறார்கள், கோடையில் அது கையைக் கடிக்கும். கரையில் நண்டு சாண்ட்விச் ஒன்றின் விலையைக் கேட்டதும் படகுக்கே திரும்பிவிட்டோம். திரும்பியதுதான் நல்லூழ். பக்கத்தில் கட்டியிருந்த வயதான ஆங்கிலேயர், நீடில்ஸ் பாறைகளுக்கு வெளியே பிடித்த கானாங்கெளுத்தியில் மிஞ்சியதை வேண்டுமா என்று கேட்டார். கொண்டுவந்திருந்த புளியும் மிளகாய்த்தூளும் கடலுக்கு வந்த பயனை அடைந்தன. ஆடும் அடுப்பில், இரண்டு எரிவாயு முகப்புகளுள் ஒன்று மட்டும் எரிய, அண்ணன் வைத்த அந்தக் குழம்புக்கு நிகராக நான் இந்த நாட்டில் எந்த உணவகத்திலும் சாப்பிட்டதில்லை. பிடித்து அரைநாள்கூட ஆகாத மீன், அன்று வடித்த சோறு, வெளியே மழைத்தூறல். ஒரு கிண்ணம் குழம்பு பக்கத்துப் படகுக்கும் போயிற்று. மாற்றாக அவர் தம்முடைய ஓதநீரோட்ட ஏட்டைக் கொண்டுவந்து காட்டினார். பிரித்தானிய அட்மிரால்டி வெளியிடும் மெல்லிய ஏடு அது. போர்ட்ஸ்மவுத் உச்ச நீர்மட்டத்துக்கு ஆறு மணி முன்பிருந்து ஆறு மணி பின்பு வரை, மணிக்கொரு பக்கம். ஒவ்வொரு பக்க மூலையிலும் அன்றைய நேரத்தைப் பென்சிலில் எழுதி வைத்திருந்தார். பக்கத்தைப் புரட்டினால் நீரிணை முழுவதும் ஒரே பார்வையில் தெரிந்தது. என் செயலியில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்த அதே அம்புகள், மின்கலம் இல்லாமல்.

திரும்பும் வழியில் கிழக்கோட்டமும் தென்மேற்குக் காற்றும் ஒரே பக்கம் சேர்ந்துகொண்டதால் சொல்வதற்கு ஒன்றுமில்லை, பறந்தோம். படகுத்துறைக் கட்டணத்தை மிச்சப்படுத்த, கௌஸுக்குக் கிழக்கே ஆஸ்போர்ன் விரிகுடாவில் நங்கூரம் போட்டு இரவைக் கழித்தோம். இங்கே கைப்பேசி முழு மதிப்பெண் வாங்கியது. நங்கூர எச்சரிக்கைச் செயலி, படகு குறித்த வட்டத்தை விட்டு நகர்ந்தால் அலறும். வட்டத்தின் மையத்தைப் படகு நிற்கும் இடத்தில் வைக்காமல், நங்கூரத்தைக் கீழே விட்ட அந்தக் கணத்திலேயே அந்த இடத்தில் வைக்க வேண்டும். ஓட்டம் திரும்பும்போது படகு நங்கூரத்தைச் சுற்றி மறுபக்கம் போய் நிற்பது இயல்பு, அதற்கெல்லாம் அலறினால் யாரும் தூங்க முடியாது. பிராம்பிள் திட்டில் நட்ட கம்பத்தின்மேல் இருக்கும் 'பிராம்பிள்மெட்' நிலையம், அங்கே அந்த நேரத்தில் உண்மையாக வீசும் காற்றைக் கட்டணமின்றி இணையத்தில் தருகிறது. முன்னறிவிப்புச் செயலிகள் நாளைக்குச் சொல்வதை விட, படுக்கப் போகுமுன் அந்த ஒற்றை எண்ணைப் பார்த்ததில்தான் எனக்கு நிம்மதி.

போக விரும்புகிறவர்களுக்குச் செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஜூலை, ஆகஸ்டு வார இறுதிகளை விட ஏப்ரலிலோ அக்டோபரிலோ வாரநாள்களில் படகு வாடகை வெகுவாகக் குறையும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் இடைப்பட்ட எட்டாம் பிறையை ஒட்டிய நாள்களில் ஓட்டம் சாதுவாக இருக்கும், புதியவர்கள் அந்த நாள்களையே தேர்ந்தெடுக்கலாம். செயலிக்குச் சந்தா கட்டுவதென்றால் ஒன்றுக்கு மட்டும் கட்டுங்கள். பாதை போட்டுத் தரும் வசதிக்காக அல்ல, ஓட்ட அம்புகள் நன்றாக இருப்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மிச்சப் பணத்தில் மூன்று மீட்டர் நீள மின்னேற்றக் கம்பியும் அந்த ஓத ஏடும் வாங்கிவிடலாம்.