பையனுக்குச் சொல்லாமல் போட்ட பூட்டு

தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். பள்ளிக்குக் கிளம்பி நின்ற பையன் ஒரு வார்த்தையைச் சொல்லி, "இதுக்கு என்னம்மா அர்த்தம்?" என்று கேட்டான். இங்கே எழுதக் கூசும் வார்த்தை. அவனுக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. அது கெட்ட வார்த்தை என்றே தெரியாமல், புதிதாக ஏதோ கற்றுக்கொண்ட முகத்தோடு நிற்கிறான். "எங்க சாமி கேட்ட?" என்றேன். "கேம் வீடியோல அந்த அண்ணா அடிக்கடி சொல்வாரும்மா." அன்றைக்கு முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை.

அந்தப் போனை அவன் கையில் கொடுத்தது நான்தான். நாலரைக்கு அவன் வந்துவிடுவான், நாங்கள் வீடு திரும்ப ஆறரை ஆகும், ஈரோட்டில் எங்கள் தெருவில் அந்த நேரத்தில் அக்கம்பக்கத்தில் ஆள் இருப்பதும் இல்லை, ஓர் அவசரம் என்றால் கூப்பிட வேண்டுமே என்று என் பழைய போனில் ஒரு சிம் போட்டுக் கொடுத்தேன். ஆனால் என் கூகுள் கணக்கை அதிலிருந்து எடுக்கவில்லை. நிறைய வீடுகளில் இப்படித்தான் இருக்கிறது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். கணக்கு என் பெயரில் இருக்கும்வரை யூடியூபுக்கும் பிளே ஸ்டோருக்கும் அந்தப் போனை வைத்திருப்பவர் முப்பத்தாறு வயதுப் பெண். குழந்தை என்று ஒன்று அங்கே இருப்பதே அவற்றுக்குத் தெரியாது.

அதனால் முதல் வேலை, அவன் பெயரில், அவனுடைய உண்மையான பிறந்த தேதியோடு தனிக் கணக்கு. இங்கே 13 வயது ஆகாத குழந்தைக்குப் பெற்றோர் கணக்கோடு சேர்த்துத்தான் கூகுள் கணக்குத் தொடங்க முடியும். அந்தத் தொந்தரவு வேண்டாம் என்று பிறந்த வருடத்தை மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அப்புறம் அந்தக் கணக்குக்கும் பெரியவர் கணக்குக்கும் வித்தியாசமே இருக்காது. அவன் கணக்கை ஏற்றிவிட்டு, பிள்ளையின் போனைப் பெற்றோர் தங்கள் போனிலிருந்தே கட்டுப்படுத்த கூகுள் தரும் ஃபேமிலி லிங்க் ஆப்பை என் போனில் இறக்கினேன். இலவசம்தான், ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது.

நான் செய்த தவறு, இவ்வளவையும் அவன் தூங்கிய பிறகு செய்தது. மறுநாள் சாயந்திரம், நான் வைத்த ஒரு மணி நேரம் முடிந்ததும், விளையாட்டின் நடுவே திரை பூட்டிக்கொண்டது. போன் கெட்டுவிட்டது என்று நினைத்து, நான் வந்து சேரும்வரை அழுதிருக்கிறான். காரணத்தைச் சொன்னதும் அழுகை நின்றது, ஆனால் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அடுத்த வாரம் எதேச்சையாகக் கணக்குப் பார்த்தால், ஒரு மணி நேரம் என்று வைத்த இடத்தில் ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடியிருக்கிறது. என் போனின் பேட்டர்ன் அவனுக்கு மனப்பாடம். நான் குளிக்கப் போகும் நேரம் பார்த்து என் போனைத் திறந்து, ஃபேமிலி லிங்கில் போனஸ் நேரம் கொடுக்கும் வசதி ஒன்று உண்டு, அதைத் தனக்குத் தானே கொடுத்துக்கொண்டிருக்கிறான்.

கோபம் வந்தது. ஆனால் அவனுக்குச் சொல்லாமல் நான் பூட்டினேன், எனக்குச் சொல்லாமல் அவன் திறந்தான், அவனை மட்டும் திட்ட எனக்கு வாய் வரவில்லை. என் போனுக்கு முதலில் புது பின் நம்பர் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் இரண்டு போனையும் பாயில் வைத்து அவனையும் பக்கத்தில் உட்காரவைத்து முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

அந்த வார்த்தையைப் பற்றியும் அன்றைக்குத்தான் சொன்னேன். பிறகு ஒவ்வொன்றாக அவனிடமே கேட்டேன். செஸ் ஆப்புக்கு நேரக் கணக்கு வேண்டாம் என்றான். நியாயமாகப் பட்டது, எப்போதும் அனுமதி என்ற பட்டியலில் அதைச் சேர்த்தோம். சனி, ஞாயிறு மட்டும் அரை மணி கூடுதல். ராத்திரி எட்டரையிலிருந்து காலை ஆறரை வரை போன் தூங்கும் நேரம், இதில் மட்டும் நான் இறங்கி வரவில்லை. நேர அளவைக் காட்டிலும் இந்த ராத்திரிப் பூட்டுதான் எங்கள் வீட்டில் அதிகம் வேலை செய்கிறது, காலையில் எழுப்பும்போதே அது தெரிகிறது. அவன் எங்கே இருக்கிறான் என்று என் போனில் பார்க்க முடியும் என்பதையும் காட்டினேன். "நீ பாக்கறப்ப எனக்குத் தெரியுமாம்மா?" என்றான். தெரியாது என்ற உண்மையைச் சொல்லிவிட்டு, நாங்கள் வீட்டில் இல்லாத அந்த நேரத்தில் மட்டும் பார்ப்பதாக வாக்குக் கொடுத்தேன். இதுவரை மீறவில்லை.

வாட்ஸ்அப்பை எடுத்துவிட்டோம். அதில் சொந்தமாகக் கணக்குத் தொடங்க 13 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது அவர்கள் விதியே. வீட்டுப்பாடம் அதில்தான் வருகிறது, அதை என் போனில் பார்த்து அவன் நோட்டில் எழுதிக்கொள்கிறான்.

யூடியூபில்தான் நேரம் செலவழிக்க வேண்டியிருந்தது. சின்னப் பிள்ளைகள் என்றால் யூடியூப் கிட்ஸ் போதும், பத்து வயதுப் பையன் அதைத் தொடமாட்டான். பெற்றோர் கண்காணிப்பில் சாதாரண யூடியூபையே திறந்துவிட மூன்று படிகள் வைத்திருக்கிறார்கள், அதில் முதல் படி 9 வயதிலிருந்து, அடுத்தது 13 வயதிலிருந்து. முதல் படியை எடுத்தோம். அதிலும் எல்லாம் வடிகட்டப்படும் என்று நம்பிவிட வேண்டாம். தமிழில் திட்டிக்கொண்டே விளையாடும் வீடியோக்கள் அந்தச் சல்லடையைத் தாண்டி வந்ததை நானே பார்த்தேன். வாரத்துக்கு ஒருநாள் அவன் பார்த்ததைச் சேர்ந்து பார்த்து, வேண்டாத சேனல்களைத் தடுக்கிறோம். ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுவதையும் நிறுத்திவிட்டேன்.

பிளே ஸ்டோரில் எது இறக்கினாலும் என் அனுமதி வேண்டும் என்று வைத்தாயிற்று. ஆனால் ஒருமுறை அனுமதித்த ஆப்பை அழித்துவிட்டுத் திரும்ப இறக்கினால் கேட்காது, எனவே முதல்முறை சம்மதிக்கும்போதே யோசியுங்கள். குரோமில் ஆபாசத் தளங்களைத் தடுக்கும் வசதி உண்டு, ஆனால் போனோடு வரும் வேறு பிரௌசர் இருந்தால் அந்தத் தடை அங்கே செல்லாது, அந்த பிரௌசரையே தடுக்க வேண்டும். வீட்டு வைஃபை ரவுட்டரில் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை வைத்து அதன் முகவரியைத் தேடித்தரும் சேவை) என்ற இடத்தில் 1.1.1.3, 1.0.0.3 என்ற இரண்டு எண்களைப் போட்டோம். கிளவுட்பிளேர் என்ற இணையச் சேவை நிறுவனம் 2020இல் குடும்பங்களுக்காகத் தொடங்கிய இலவசச் சேவை இது, வைஃபையில் இருக்கும் டிவி உட்பட எல்லாவற்றுக்கும் ஆபாசத் தளங்களைத் தடுக்கும். மொபைல் டேட்டாவுக்குப் போனால் இந்தத் தடை கிடையாது.

அங்கேதான் அமுச்சி, அதாவது என் அம்மாவின் போன் வருகிறது. லீவுக்குக் கோபிச்செட்டிபாளையத்தில் அவர் வீட்டில் ஒரு மாதம் இருக்கப் போகிறான், அங்கே வைஃபை இல்லை, அமுச்சி போனுக்குப் பூட்டும் இல்லை. போன வாரம் போய் யூடியூபில் பெரியவர்களுக்கான வீடியோக்களை மறைக்கும் கட்டுப்பாட்டு முறையைப் (Restricted Mode) போட்டுவிட்டு (யார் வேண்டுமானாலும் எடுத்துவிடலாம், தெரியும்), பிளே ஸ்டோரில் பணம் கட்டக் கடவுச்சொல் கேட்கும்படி செய்து, யுபிஐ ஆப்புக்குப் பூட்டுப் போட்டேன். "பையன் அழுதா எனக்கு மனசு கேக்காது கண்ணு" என்றார் அம்மா. அழுதால் என்னிடம் பேசக் கொடு, நான் சொல்கிறேன் என்றிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கிளம்புகிறோம். அவன் போனும் கூடவே வருகிறது, அப்பிச்சிக்கு, என் அப்பாவுக்கு, அதில் செஸ் சொல்லித்தரப் போகிறானாம்.